ஓஸ் மந்திரவாதி கதையின் பாத்திரங்கள் பேச்சு வழக்காக மாறியது எப்படி?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கட்டுரைகளைப் படித்தால் "திரைக்குப் பின்னால் இருக்கும் மனிதர்", "நாம் இப்போது கான்சஸில் இல்லை", "பறக்கும் குரங்குகள்", "மஞ்சள் செங்கல் சாலை" என்றெல்லாம் அடிக்கடி வருகிறது. எல்லாமே ஓஸ் மந்திரவாதி என்ற ஒரே குழந்தைக் கதையிலிருந்து வந்தவை என்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது அந்தக் கதையில்? அது தங்கம், வெள்ளி நாணய அரசியலைப் பற்றி ரகசியமாக எழுதப்பட்ட கதை என்பது உண்மையா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ரகசியக் கதைக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அப்படி ஒரு நம்பிக்கை எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் முதல் கேள்விக்கான பதிலில் பாதி கிடைத்துவிடும்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கான்சஸ் மாநிலத்துப் புல்வெளியில் ஹென்றி மாமா, எம் அத்தையோடு வாழும் பெற்றோரில்லாத சிறுமி டோரதி. ஒரு சுழற்காற்று அவளையும் அவளுடைய நாய்க்குட்டி டோட்டோவையும் வீட்டோடு தூக்கிக்கொண்டுபோய் ஓஸ் என்ற நாட்டில் இறக்குகிறது. வீடு விழுந்ததில் கிழக்குத் திசைச் சூனியக்காரி நசுங்கிச் சாகிறாள். அவள் போட்டிருந்த வெள்ளிச் செருப்பு டோரதிக்குக் கிடைக்கிறது. ஊர் திரும்ப வழி கேட்டால், மரகத நகரத்தில் இருக்கும் மகா மந்திரவாதியைப் போய்ப் பார் என்கிறார்கள். மஞ்சள் செங்கல் பாவிய சாலையில் போகும்போது, மூளை வேண்டும் என்னும் சோளக்கொல்லை பொம்மையும், இதயம் வேண்டும் என்னும் தகர மரவெட்டியும், தைரியம் வேண்டும் என்னும் பயந்தாங்கொள்ளிச் சிங்கமும் சேர்ந்துகொள்கிறார்கள். மேற்குச் சூனியக்காரியைக் கொன்றுவிட்டு வாருங்கள், கேட்டதைத் தருகிறேன் என்கிறார் மந்திரவாதி. கொன்றுவிட்டு வந்து பார்த்தால், அவர் மந்திரவாதியே இல்லை. ஒமாஹா நகரத்துக்காரர், சர்க்கஸில் பலூன் ஏறிக் கூட்டம் சேர்த்தவர். காற்றில் திசை தவறி இந்த நாட்டில் வந்து இறங்கியிருக்கிறார்.

எழுதியவர் லைமன் ஃபிராங்க் பாம். 1856-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். 1888-இல் குடும்பத்தோடு டகோட்டா பகுதியின் அபர்டீன் ஊருக்குப் போய் ஒரு கடை வைத்தார். வறட்சி வந்தது, விளைச்சல் பொய்த்தது, வாங்க ஆளில்லாமல் கடையை மூடினார். அப்புறம் ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார், அதுவும் நிற்கவில்லை. 1891-இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். கதையின் முதல் பக்கத்தில் கான்சஸைச் சொல்லும்போது சாம்பல் நிறம் என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்: நிலம், புல், வீடு, அத்தையின் கண், மாமாவின் தாடி எல்லாமே சாம்பல். அந்த வறண்ட புல்வெளியை அவர் கண்ணால் பார்த்தவர் என்பது அந்தப் பக்கத்தைப் படித்தாலே தெரியும். டபிள்யூ. டபிள்யூ. டென்ஸ்லோ வரைந்த வண்ணப் படங்களோடு 1900-இல் சிகாகோவில் புத்தகம் வந்தது. இன்றைய குழந்தைகளை மகிழ்விக்க மட்டுமே எழுதினேன் என்று முன்னுரையில் சொல்கிறார்.

நாம் ஒருவரைச் சகுனி என்கிறோம், இன்னொருவரைக் கும்பகர்ணன் என்கிறோம். விளக்கம் தேவைப்படுவதில்லை, ஏனென்றால் கேட்பவருக்கும் அந்தக் கதை தெரியும். பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த அமெரிக்காவில் எல்லோருக்கும் பொதுவான கதை என்று சொல்ல அதிகம் இல்லை. அந்த இடத்தை ஓஸ் பிடித்ததற்குக் காரணம் புத்தகம் மட்டும் அல்ல. 1902-இலேயே அது இசை நாடகமாக மேடையேறிவிட்டது. பெரியவர்களுக்கான அந்த நாடகத்தில் அன்றைய அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டையும் எண்ணெய் முதலாளி ராக்ஃபெல்லரையும் கிண்டல் செய்தார்கள். 1906-இல் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் நியூயார்க் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டபோது, ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழ் அவரைச் சேற்றில் சிக்கிய சோளக்கொல்லை பொம்மையாகக் கார்ட்டூன் போட்டது. புத்தகம் வந்து ஆறே ஆண்டுகளில் பாத்திரங்கள் அரசியல் பேச்சுக்குள் வந்துவிட்டன.

அப்புறம் 1939-இல் ஜூடி கார்லண்ட் நடித்த எம்ஜிஎம் படம் வந்தது. 1956-இல் அது முதன்முறையாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. 1959-இலிருந்து ஆண்டுதோறும் ஒளிபரப்புவது வழக்கமாயிற்று. வீடியோ கேசட் இல்லாத காலம் அது. ஆண்டுக்கு ஒரு நாள், ஒரே மாலையில், நாடு முழுக்கக் குழந்தைகளும் பெற்றோரும் ஒரே கதையைப் பார்த்தார்கள். அதே 1956-இல்தான் மூலப் புத்தகத்தின் காப்புரிமையும் முடிந்தது. யார் வேண்டுமானாலும் அந்த உலகத்தை எடுத்து வேறு கதை எழுதலாம் என்றாயிற்று. இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் ஓஸ் இவ்வளவு தூரம் பரவியது என்று நினைக்கிறேன்.

சரி, இப்போது தங்கம், வெள்ளி விஷயம்.

1964-இல் ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்ற உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் அமெரிக்கன் குவார்ட்டர்லி என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். நியூயார்க் அருகே மவுண்ட் வெர்னனில் வரலாறு நடத்தியவர் அவர். 1890-களின் நாணயச் சண்டையை மாணவர்களுக்குப் புரியவைப்பது பெரும் பாடாக இருந்தது. அதற்கு ஓஸ் கதையைப் பயன்படுத்திப் பார்த்தார், அருமையாகப் பொருந்தியது. சோளக்கொல்லை பொம்மை, தன்னை முட்டாள் என்று பிறர் சொன்னதை நம்பிவிட்ட மேற்கத்திய விவசாயி. தகர மரவெட்டி, ஆலைத் தொழிலாளி. சிங்கம், கர்ஜித்தாலும் வெல்லாத அரசியல்வாதி வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். மஞ்சள் சாலை தங்கம். அந்தத் தங்கத்தின் மேல் நடப்பது வெள்ளிச் செருப்பு. மரகத நகரம் வாஷிங்டன்.

அந்தச் சண்டை என்னவென்றால், 1880-இலிருந்து 1896-க்குள் அமெரிக்காவில் விலைவாசி சுமார் 23 சதவீதம் விழுந்தது. விலை விழுவது நல்லதுதானே என்று தோன்றலாம். கடன் வாங்கிய விவசாயிக்கு அது நாசம். கோதுமை விலை இறங்கும், வங்கிக் கடன் இறங்காது. தங்கத்தை மட்டும் அடிப்படையாக வைத்தால் புழங்கும் பணம் குறைவாகவே இருக்கும். வெள்ளியையும் 16 பங்கு வெள்ளிக்கு 1 பங்கு தங்கம் என்ற விகிதத்தில் தடையில்லாமல் நாணயமாக அடிக்கவிட்டால் பணம் பெருகும், விலை ஏறும், கடன் பாரம் குறையும் என்று விவசாயிகள் கேட்டார்கள். 1896 ஜூலையில் ஜனநாயகக் கட்சியின் சிகாகோ மாநாட்டில் பிரையன் பேசிய பேச்சு, மனித குலத்தைத் தங்கச் சிலுவையில் அறையாதீர்கள் என்று முடிந்தது. அப்போது அவருக்கு வயது 36. அந்த ஆண்டு அதிபர் தேர்தலில், தங்கத்தை ஆதரித்த மெக்கின்லியிடம் தோற்றார். 1900 மார்ச்சில் தங்க அடிப்படைச் சட்டம் நிறைவேறியது, அதே ஆண்டில் ஓஸ் புத்தகம் வெளியானது.

இந்தச் சண்டையில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு, அது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. அன்றைய ரூபாய் வெள்ளி நாணயம். உலகச் சந்தையில் வெள்ளி விலை சரியச் சரிய, லண்டனில் ரூபாயின் மதிப்பும் சரிந்தது. 1893 ஜூனில் பிரிட்டிஷ் இந்திய அரசு, மக்கள் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துத் தரும் வசதியைக் கல்கத்தா, பம்பாய் அக்கசாலைகளில் நிறுத்தியது. வெள்ளி விலை மேலும் விழுந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் நிதி நெருக்கடி முற்றி, அரசு வெள்ளி வாங்கும் சட்டத்தை நவம்பரில் ரத்து செய்தார்கள். சில ஆண்டுகளில் இங்கே, நகைக்கடையில் நாம் இன்றும் பவுன் என்று சொல்லும் அந்த ஆங்கிலேயத் தங்க நாணயத்துக்கு 15 ரூபாய் என்று கணக்கு நிலைப்படுத்தப்பட்டது. கான்சஸ் விவசாயியின் கடனும் நம் ஊர்த் தாத்தாக்களின் ரூபாயும் ஒரே உலோகத்தின் விலையில் தொங்கிக்கொண்டிருந்த காலம் அது.

லிட்டில்ஃபீல்டின் விளக்கம் வேகமாகப் பரவியது. 1990-இல் ஹியூ ராக்காஃப் என்ற பொருளாதார அறிஞர் புகழ்பெற்ற பொருளாதார ஆய்விதழ் ஒன்றில் அதை இன்னும் விரித்து எழுதினார். கல்லூரிகளில் பரவலாக நடத்தப்படும் மான்கியூவின் பொருளாதாரப் பாடநூலிலும் இது ஒரு பெட்டிச் செய்தியாக இருக்கிறது. கேட்டவர்கள் கேட்டவர்களிடம் சொல்லி, பாம் இதற்காகவே எழுதினார் என்று ஆகிவிட்டது.

பாமின் வாழ்க்கை அதற்கு இடம் தரவில்லை. 1896 தேர்தலில் அவர் பிரையனுக்காக எழுதவில்லை. மெக்கின்லியை ஆதரித்துக் கவிதை எழுதினார். கதை ஓர் அரசியல் உருவகம் என்று அவர் வாழ்ந்த காலத்தில் யாரும் விமர்சனம் எழுதவில்லை. லிட்டில்ஃபீல்டே 1992-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில், பாம் அந்த விவசாயிகள் இயக்கத்தின் ஆதரவாளர் என்று கருத ஆதாரமே இல்லை என்று ஒப்புக்கொண்டார். தான் செய்தது பாடம் நடத்தும் ஓர் உத்தி என்பதை அவர் மறைத்ததே இல்லை. அந்த நேர்மைக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை. வகுப்பறையில் இன்றைக்கும் நான் அந்த உத்தியைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். பாமின் மனதில் இருந்தது இதுதான் என்று சொல்வதை மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஏன் இவ்வளவு அழகாகப் பொருந்துகிறது? இங்கேதான் முதல் கேள்விக்கான என் பதில் இருக்கிறது. பாம் தன் குறியீடுகளுக்கு அர்த்தம் சொல்வதில்லை. ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் ஓர் இயந்திரத்தை விளக்குவதுபோல் துல்லியமாகச் சொல்லிவிடுகிறார். அந்த இயக்கம் எங்கெல்லாம் நடக்கிறதோ அங்கெல்லாம் அந்தக் குறியீட்டை வைக்கலாம்.

திரைக்குப் பின்னால் இருக்கும் மனிதரை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் மந்திரவாதி ஆளுக்கு ஒரு வடிவம் காட்டுகிறார். டோரதிக்குப் பெரிய தலை, சோளக்கொல்லை பொம்மைக்கு அழகிய பெண், தகர மரவெட்டிக்குக் கொடிய மிருகம், சிங்கத்துக்குத் தீப்பந்து. நால்வரும் தனித்தனியாகப் போவதால் யாராலும் ஒப்பிட்டுச் சொல்ல முடியவில்லை. கடைசியில் சிங்கம் கர்ஜிக்க, டோட்டோ பயந்து துள்ளி மூலையில் இருந்த தட்டியைத் தள்ளிவிடுகிறது. பின்னால் நிற்பவர் வழுக்கைத் தலையும் சுருக்கம் விழுந்த முகமுமான ஒரு சின்னக் கிழவர். படத்தில் தட்டி திரையாகிவிட்டது, நாய் அதைப் பல்லால் இழுக்கிறது, திரைக்குப் பின்னால் இருப்பவரைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று மந்திரவாதி ஒலிபெருக்கியில் கத்துகிறார். இன்று ஒரு நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளிப்பட்டாலும், ஒரு தலைவரின் பிம்பத்தைக் கட்டியெழுப்பிய விளம்பரக் குழு தெரியவந்தாலும் அந்த வாக்கியம் வந்துவிடுகிறது.

கணினித் துறையில் இது கலைச்சொல்லாகவே ஆகிவிட்டது. 1980-களின் தொடக்கத்தில் ஜெஃப் கெல்லி என்ற ஆய்வாளர், கணினி மனிதர் பேசும் மொழியைப் புரிந்துகொண்டால் மக்கள் அதோடு எப்படிப் பேசுவார்கள் என்று அறிய விரும்பினார். அப்படிப்பட்ட கணினி அப்போது இல்லை. அதனால் பயனாளர் கணினியோடு பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்க, இன்னோர் இடத்திலிருந்து மனிதரே பதில் அளிக்கும்படி சோதனையை அமைத்தார். அதற்கு ஓஸ் மந்திரவாதி முறை என்றே பெயர் வந்தது. அதே காலத்தில் ஐபிஎம் நிறுவன ஆய்வாளர்கள், சொல்வதைத் தட்டச்சு செய்யும் இயந்திரம் ஒன்றை இப்படித்தான் சோதித்தார்கள். பக்கத்து அறையில் உட்கார்ந்து ஒரு தட்டச்சாளர் அடித்துக்கொண்டிருந்தார். ஆய்வில் இது நல்ல முறை, முடிந்ததும் பங்கேற்றவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். செயற்கை நுண்ணறிவு செய்கிறது என்று விற்கப்படும் வேலையைக் குறைந்த கூலிக்கு மனிதர்கள் செய்துகொண்டிருப்பது தெரியவரும்போது அதே பெயர் குற்றச்சாட்டாக மாறுகிறது. தட்டியும் கிழவரும் ஒன்றுதான், யாரிடம் எதற்காக மறைத்தார் என்பதில்தான் வித்தியாசம்.

இந்த உருவகத்தைப் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் அம்பலமான கணத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கதை அங்கே நிற்கவில்லை. மந்திரவாதி தான் கெட்ட மனிதன் இல்லை, மோசமான மந்திரவாதி மட்டுமே என்கிறார். பிறகு சோளக்கொல்லை பொம்மையின் தலையில் தவிட்டோடு குண்டூசியும் ஊசியும் கலந்து அடைக்கிறார். தகர மரவெட்டியின் மார்பில் மரத்தூள் அடைத்த பட்டு இதயத்தை வைக்கிறார். சிங்கத்துக்குக் கிண்ணத்தில் ஏதோ ஊற்றிக் குடிக்கக் கொடுக்கிறார். மூவரும் தாங்கள் கேட்டது கிடைத்துவிட்டது என்று போகிறார்கள். வழி முழுக்க யோசனை சொன்னது பொம்மை, தெரியாமல் ஒரு வண்டை மிதித்ததற்கே அழுதது மரவெட்டி, பள்ளத்தைத் தாண்டியது சிங்கம் என்று வாசகருக்கு முன்பே தெரியும். முடியாத காரியத்தைச் செய் என்று எல்லோரும் கேட்டால் நான் ஏமாற்றுக்காரனாக இல்லாமல் என்ன செய்வது என்று கிழவர் தனக்குள் சொல்லிக்கொள்ளும் இடம் எனக்கு மிகப் பிடித்த இடங்களில் ஒன்று. ஏமாறத் தயாராக நிற்கும் கூட்டத்தைப் பற்றியும் அது பேசுகிறது. 1939 படம் இந்தப் பரிசுகளைப் பட்டயம், இதய வடிவக் கடிகாரம், பதக்கம் என்று மாற்றியது. படிப்பை விடச் சான்றிதழைப் பெரிதாக மதிக்கும் உலகத்தைப் பற்றிப் பேச அந்த மாற்றம் நன்றாகவே உதவுகிறது.

ஆனாலும் இந்தக் கதையில் எதை மிகச் சிறந்த குறியீடு என்பீர்கள் என்று கேட்டால், நான் திரையைச் சொல்லமாட்டேன். பச்சைக் கண்ணாடியைச் சொல்வேன். படத்தில் அது இல்லாததால் பலருக்குத் தெரியாது. மரகத நகரத்தின் வாசலில் ஒரு காவலர் இருக்கிறார். உள்ளே வரும் ஒவ்வொருவர் கண்ணிலும் பச்சைக் கண்ணாடியை மாட்டி, தலையைச் சுற்றிப் பட்டை போட்டுப் பூட்டி, சாவியைத் தன் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்கிறார். நாய்க்கும் ஒன்று உண்டு. ஏன் என்று கேட்டால், நகரத்தின் பிரகாசம் கண்ணைக் குருடாக்கிவிடும், உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்கிறார். உள்ளே பச்சை மிட்டாய், பச்சைச் சோளப்பொரி, பச்சை எலுமிச்சைச் சாறு; குழந்தைகள் பச்சைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். டோரதிக்கு அரண்மனையில் பச்சைப் பட்டுச் சட்டை கொடுக்கிறார்கள். வாசலில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெளியே வந்த பிறகு பார்த்தால் சட்டை வெள்ளை. டோட்டோவின் கழுத்தில் கட்டிய ரிப்பனும் வெள்ளை. அப்போது அவள் ஆச்சரியப்படுகிறாள், அவ்வளவுதான். காரணம் பல அத்தியாயங்கள் கழித்து மந்திரவாதியின் வாயிலிருந்து வருகிறது: மற்ற ஊரைவிட இது அதிகப் பச்சை இல்லை, கண்ணாடி போட்டதால் பச்சையாகத் தெரிகிறது, நெடுங்காலமாகப் போட்டிருப்பதால் மக்களே நம்பிவிட்டார்கள்.

திரை ஒருவரை மறைக்கிறது, கிழித்தால் முடிந்தது. கண்ணாடியில் மறைக்க எதுவும் இல்லை. பார்ப்பவரின் கண்ணிலேயே ஏற்பாடு நடந்துவிட்டது. சாவி ஒருவரிடம் இருக்கிறது, காரணம் பாதுகாப்பு என்று சொல்லப்படுகிறது, எல்லோரும் போட்டிருப்பதால் யாருக்கும் உறுத்துவதில்லை. அரசுப் பிரச்சாரத்தையும், நமக்குப் பிடித்ததையே காட்டிக்கொண்டிருக்கும் கைப்பேசித் திரையையும் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான படிமம் எனக்குத் தெரியவில்லை. இதைக் கறுப்பினக் கலைஞர்களின் தி விஸ் என்ற 1978 படம் ஒரு விதத்தில் மீட்டெடுத்தது. அதில் மந்திரவாதி ஒலிபெருக்கியில் இனி சிவப்புதான் நிறம் என்கிறார், ஆடிக்கொண்டிருக்கும் கூட்டம் உடனே சிவப்புக்கு மாறுகிறது. பொன்னிறம் என்றதும் பொன்னிறம். அந்த மரகத நகரக் காட்சியை எடுத்தது நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் முற்றத்தில்.

பறக்கும் குரங்குகளுக்கு வருகிறேன். இன்றைய சமூக ஊடகத்தில், தன்னை மட்டுமே நேசிக்கும் ஒருவர் தனக்காகச் சண்டை போடவும் உளவு பார்க்கவும் அனுப்பும் ஆட்களுக்கு இந்தப் பெயர். குடும்ப உறவுகளில் துன்பப்பட்டவர்கள் இதை நிறையப் பயன்படுத்துகிறார்கள், அவர்கள் வலி உண்மையானது. ஆனால் புத்தகத்தின் குரங்குகள் விருப்பப்பட்டு ஏவலாட்கள் ஆனவை இல்லை. ஒரு காலத்தில் காட்டில் சுதந்திரமாக இருந்தவை. ஒரு மணமகனை விளையாட்டாக ஆற்றில் போட்டதற்குத் தண்டனையாக, தங்கத் தொப்பி யாரிடம் இருக்கிறதோ அவருக்கு மூன்று முறை வேலை செய்ய வேண்டும் என்று கட்டுண்டவை. சூனியக்காரி கையில் தொப்பி இருந்தபோது மரவெட்டியைப் பாறைமேல் போட்டு நசுக்கிய அதே குரங்குகள், டோரதி கைக்கு வந்ததும் அவளைச் சுமந்து பறக்கின்றன. முடிவில் நல்ல சூனியக்காரி கிளிண்டா தொப்பியைக் குரங்குகளின் தலைவனிடமே கொடுத்து விடுதலை செய்கிறாள். ஏவப்பட்டவர்களைப் பற்றி யோசிக்கும்போது, தொப்பி யார் கையில் என்று பார்க்கச் சொல்கிற பகுதி இது. வசைச்சொல்லாக மட்டும் பயன்படுத்தும்போது அது போய்விடுகிறது.

அந்தக் குரங்குகளில் மண்ணின் பூர்வகுடிகளைக் கண்டவரும் லிட்டில்ஃபீல்ட்தான். அந்த ஒப்பீட்டைச் சொல்லும் எவரும் அடுத்த உண்மையையும் சொல்லியாக வேண்டும். 1890 டிசம்பரில் லகோட்டா தலைவர் சிட்டிங் புல் கொல்லப்பட்டபோதும், இரண்டு வாரம் கழித்து வூண்டட் நீ என்ற இடத்தில் பெண்கள், குழந்தைகள் உட்பட லகோட்டா மக்கள் கொன்று குவிக்கப்பட்டபோதும், பாம் தன் பத்திரிகையில் இரண்டு தலையங்கங்கள் எழுதினார். மிச்சமுள்ள பூர்வகுடிகளையும் அடியோடு அழித்துவிட வேண்டும் என்பதே அவற்றின் வாதம். 2006-இல் அவருடைய வழித்தோன்றல்கள் அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று அதே பத்திரிகையில் உறுதியாக எழுதியவரும் இவரே. இரண்டையும் சேர்த்துத்தான் பாமைப் பார்க்க வேண்டும். பிடித்த எழுத்தாளர் என்பதற்காக முதலாவதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

பெண்ணுரிமையில் அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் மாமியார் மெட்டில்டா ஜாஸ்லின் கேஜ். சூனியக்காரிகள் என்று எரிக்கப்பட்டவர்களில் பலர் அறிவும் மருத்துவமும் தெரிந்த பெண்கள் என்று 1893-இல் எழுதியவர். நல்ல சூனியக்காரியும் உண்டு என்ற பாமின் கற்பனைக்குப் பின்னால் அவர் இருக்கிறார் என்று பலர் கருதுகிறார்கள், நானும் அப்படியே நினைக்கிறேன். நூறாண்டு கழித்து, மேற்குச் சூனியக்காரியின் பக்கத்திலிருந்து கதை சொல்லும் விக்கிட் 1995-இல் நாவலாகவும் 2003-இல் இசை நாடகமாகவும் 2024-இல் படமாகவும் வந்தது. யாரைச் சூனியக்காரி என்று அழைக்கிறார்கள், அப்படி அழைப்பதால் யாருக்கு லாபம் என்பதே அதன் கேள்வி. நேர் எதிராகவும் நடந்திருக்கிறது. 2013 ஏப்ரலில் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் இறந்தபோது, சூனியக்காரி செத்தாள் என்று 1939 படத்தில் வரும் பாட்டை அவருடைய எதிர்ப்பாளர்கள் திட்டமிட்டு வாங்கி, பிரிட்டன் பாடல் தரவரிசையில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். முழுப் பாட்டையும் போடுவதா வேண்டாமா என்று பிபிசி வானொலி தடுமாறி, கடைசியில் சில விநாடிகள் மட்டும் ஒலிபரப்பியது.

டோரதியின் பெயரே ஒரு மறைசொல்லாக இருந்த காலமும் உண்டு. தன்பால் உறவு சட்டப்படி குற்றமாக இருந்த ஆண்டுகளில், ஒருவர் தம்மைப் போன்றவரா என்று ஆபத்தில்லாமல் தெரிந்துகொள்ள, நீங்கள் டோரதியின் நண்பரா என்று கேட்டார்கள். விசித்திரமான மூன்று பேரையும் அவரவர் இருந்தபடியே தோழர்களாக ஏற்றுக்கொண்ட சிறுமி அல்லவா அவள்! 1980-களில் அமெரிக்கக் கடற்படைப் புலனாய்வினர் சிகாகோ பகுதியில் இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டு, டோரதி என்று நிஜமாகவே ஒரு பெண் இருக்கிறாள், அவளைப் பிடித்தால் எல்லோரையும் பிடித்துவிடலாம் என்று தேடினார்கள் என்று பத்திரிகையாளர் ராண்டி ஷில்ட்ஸ் 1993-இல் வெளியான தன் நூலில் எழுதுகிறார். மறைசொல் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

செருப்பு வெள்ளியிலிருந்து மாணிக்கச் சிவப்பானது புதிய டெக்னிகலர் வண்ணத்தில் எடுப்பாகத் தெரிவதற்காக. அதனால் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வெள்ளி நாணயக் கதை தோன்ற வழியே இல்லை. மாணிக்கச் செருப்பு படத்துக்கென்று உருவாக்கியது, அதன் உரிமை படத்தைச் சேர்ந்தது. பிற்காலப் படைப்புகள் பல வெள்ளிக்கே திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓஸ் அமெரிக்காவோடு நிற்கவுமில்லை. அலெக்சாந்தர் வோல்கோவ் என்ற ரஷ்யக் கணித ஆசிரியர் 1939-இல் இதை மரகத நகரத்து மந்திரவாதி என்ற பெயரில் மாற்றி எழுதினார். டோரதி அங்கே எல்லி, மந்திரவாதி குட்வின். சோவியத் நாட்டிலும் கிழக்கு ஜெர்மனியிலும் குழந்தைகள் படித்து வளர்ந்தது அந்த ஓஸைத்தான். பச்சைக் கண்ணாடி அதில் பத்திரமாக இருக்கிறது.

படத்தை மட்டும் பார்த்திருப்பவர்கள் மூலத்தையும் ஒருமுறை படியுங்கள். காப்புரிமை இல்லாததால் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மொத்தம் 24 சின்ன அத்தியாயங்கள், எளிய ஆங்கிலம். நேரம் இல்லையென்றால் கண்ணாடிக்குப் பத்தும் பதினொன்றும், குரங்குகளுக்குப் பதினான்கு, தட்டி விழும் இடத்துக்குப் பதினைந்து, தவிடும் ஊசியும் வரும் இடத்துக்குப் பதினாறு.